திரும்பி வரும் படம்

கோப்பு ஒன்றை மவுஸால் இழுத்துத் தப்பான இடத்தில் விட்டால், அது பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அதுவும் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகத் திரும்ப வேண்டும் என்று மூன்று வாரமாக ஒற்றைக்காலில் நின்றேன். கம்ப்யூட்டர் திரையில் கோப்புகள் எப்படி நகர வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. அதற்கு நிரல் எழுதுகிறவன் பக்கத்து நாற்காலிக்காரன்.

"அரை நொடியா? ஆமைகூட இதவிட வேகமா வீடு போய்ச் சேந்துடும்" என்று சலித்துக்கொள்வான்.

சோதனைக்கு நான் வைத்திருந்தது அக்காவின் படம். ஒரு சண்டையில் "போயேன், யாரு தடுத்தா?" என்று கத்தினேன், போய்விட்டாள். ஒன்பது வருஷம் ஆயிற்று. படத்தை இழுத்து வெறும் இடத்தில் விடுவேன். மிதந்து திரும்பி வரும். மறுபடியும் இழுப்பேன்.

இன்று அவன் எட்டிப் பார்த்தான். "எப்பவும் தப்பான இடத்துலயே விடுறீங்களே, சரியான ஃபோல்டர்ல ஒரு தடவையாவது விட்டுப் பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒருமுறைகூட இல்லை.

அவனே மவுஸை வாங்கிப் படத்தை ஃபோல்டருக்குள் விட்டான். அடுத்த கணமே மற்ற கோப்புகள் நகர்ந்து வந்து அவள் இடத்தை அடைத்துக்கொண்டன.

"அப்பாடா, ஒழுங்கா வேலை செய்யுது."

"என்ன ஒழுங்கு?" என்று சீறினேன். "போன உடனே இடத்த அடைச்சிடணுமா? கொஞ்ச நேரம் காலியா கெடக்கட்டும்."

அவன் கீபோர்டில் விரல் வைத்தபடி கேட்டான்: "எவ்ளோ நேரம்னு போடட்டும்?"