தட்டு குவியும் நேரம்

குதிகால் இரண்டும் நெருப்பாய் எரிந்தன. பத்து மணி நேரம் ஈரத் தரையில் நின்று தட்டு கழுவிய கால்கள். அவற்றை ஸ்டூல் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, விளையாட்டுப் பூங்காவின் வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்தாள் அவள். நாளை மறுநாள் விடுமுறை. ஊரே அங்கேதான் இருக்கும்.

“நான் வரல,” என்றாள் பன்னிரண்டு வயதான மூத்த மகள். “வரிசையில நின்னு சாகவா? நம்ம முறை வர்றப்ப சாத்திடுவான்.”

போன வருடம் அப்படித்தான் நடந்தது. பெரிய ரோலர் கோஸ்டருக்கு மூன்று மணி நேரம் நின்றார்கள். முன்னால் பதினைந்து பேர்தான் பாக்கி. சங்கிலியை இழுத்துப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மகள் வாய் திறந்து எதையும் கேட்பதில்லை. தாயை அரித்தது அதுதான். அழுது தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“இந்தத் தடவை உன்னை ஏத்திக் காட்டறேன். ஏத்தலேன்னா இனிமே எங்கயும் கூப்பிட மாட்டேன்.”

சாரம் கட்டும் வேலை பார்க்கும் கணவன் சிரித்தான். “உங்கம்மா போய் நின்னா கூட்டம் ஒதுங்கி வழி விடுமாம்டி.”

“விடும். எப்ப விடும்னு எனக்குத் தெரியும். எங்க கேன்டீன்ல லீவு நாள்ல ஒரு மணிக்குத் தட்டு வந்து விழ ஆரம்பிச்சா ரெண்டு வரைக்கும் மலையா குவியும். அப்ப அத்தனை பேரும் எங்க இருக்கான்? சாப்பாட்டு மேசையில. நாம பதினோரு மணிக்கே தின்னு முடிச்சிட்டு, பன்னண்டரைக்குப் போய் நிக்கறோம்.”

“பதினோரு மணிக்கு எவனுக்குடி பசிக்கும்?”

“காலையில ஒண்ணும் தர மாட்டேன். தானா பசிக்கும்.”

மூத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விடுமுறையன்று பூங்காவில் பதினோரு மணிக்கே ரொட்டியும் முட்டையும் காலி. பன்னிரண்டரைக்கு உணவுக்கூட வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நெளிந்தது. ரோலர் கோஸ்டர் முன்னால் முப்பது பேர்கூட இல்லை.

“பாத்தீங்களா?” என்றாள் கணவனிடம், நெஞ்சை நிமிர்த்தி.

நுழைவாயிலில் உயரம் பார்க்கும் கம்பம் நின்றது. ஐந்து வயதுச் சின்னவள் அதன் கோட்டுக்கு நான்கு விரற்கடை குறைவு.

“பாப்பா ஏற முடியாதும்மா,” என்றார் காவலாளி.

ஊரார் வயிற்றையெல்லாம் கணக்குப் போட்டவள், பெற்ற பிள்ளையின் உயரத்தை விட்டுவிட்டாள். ஒருவர் வெளியே நிற்கத்தான் வேண்டும். கணவனோ காலையிலிருந்து அந்த உச்சித் தண்டவாளத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். “இதுக்குச் சாரம் கட்டுனவன் கையைப் பிடிச்சு முத்தம் குடுக்கணும்டி” என்று இரண்டு முறை சொல்லியிருந்தான்.

அவன் சின்னவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். “நீ போ.”

“நீங்க போங்க. நான் நிக்கறேன்.”

“வாக்குக் குடுத்தது நீ. போடி, அவனவன் கை கழுவிட்டு வந்துடப் போறான்.”

உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது. மூத்தவள் தாயின் கையை எலும்பு நொறுங்கப் பிடித்தாள். அப்புறம் வண்டி தலைகுப்புறப் பாய்ந்தது. இறங்கும்போது கத்திக் கத்தி இருவருக்கும் குரல் கம்மியிருந்தது.

“அம்மா, இன்னொரு தடவைம்மா!”

ஒரு வருடம் கழித்துக் கேட்கிறாள். தாய்க்கு வேறென்ன வேண்டும்?

வெளியே, சாப்பிட்டுத் திரும்பியவர்களின் வரிசை மூன்று சுற்று சுற்றி நின்றது. காத்திருக்க இரண்டரை மணி நேரம் என்றது பலகை. மூன்றரைக்கு அவர்கள் பேருந்து. கணவன் பலகையைப் படித்தான், தண்டவாளத்தைப் பார்த்தான், பூங்கா வாசலை நோக்கி நடந்தான்.

அவள் ஓடிப்போய் அவன் தோளிலிருந்த சின்னவளை வாங்கிக்கொண்டாள். அவனுக்கு அவள் ஒரு சவாரி கடன்பட்டிருக்கிறாள்.