பக்கத்து நாற்காலி

நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டிராம் மணியடித்தால் திடுக்கிடுவேன். மாடிப்படியில் யாராவது இருமினால் ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அப்படிப்பட்டவளை எங்கள் நகர சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின்களின் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். உப்புக்குச் சப்பாணிகளின் இடம் என்று செல்லோக்காரர்கள் கேலி செய்வார்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான் இருந்தது என்பதால் எனக்கு அது தோதாகவே இருந்தது.

எங்கள் ஆர்கெஸ்ட்ராவை ஆரம்பித்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். ராஜா இருந்த காலம் அது. பிறகு இரண்டு போர்கள் வந்துபோயின, ராஜா போனார், கம்யூனிஸ்ட் கட்சி வந்தது. கூடத்தின் சுவரில் படங்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் கச்சேரி மட்டும் ஒரு வெள்ளிக்கிழமைகூட நிற்கவில்லை என்று பெருமையடித்துக்கொள்வோம். நான் சேர்ந்த காலத்தில் குளிர்காலக் கச்சேரிகளுக்குச் சூடேற்ற அரசாங்கத்திடம் எரிவாயு இல்லை. நாங்கள் மேலங்கியோடு வாசித்தோம், சனங்கள் கையுறையோடு கை தட்டினார்கள். புறாக்கூட்டம் கிளம்புவதுபோல் கேட்கும்.

மருந்துக்கடைக்காரர் காலத்து வழக்கம் ஒன்று எங்களிடம் உண்டு. கச்சேரி நடுவில், எல்லோருக்கும் முன்னால் உட்காரும் முதல் வயலின்காரரின் தந்தி அறுந்தால் வாத்தியம் நிற்கக்கூடாது. அவருடைய வயலின் கைமாறிக் கைமாறிப் பின்னால் வரும், கடைசி வரிசையிலிருந்து ஒரு நல்ல வயலின் அப்படியே முன்னால் போகும். கடைசி வரிசையில் உள்பக்கம் இருப்பவர், அதாவது இருவருக்கும் சேர்த்துப் பக்கம் திருப்புகிறவர், அறுந்ததை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் புதுத் தந்தி பூட்டி, இசையின் பகுதிகளுக்கு நடுவே வரும் அடுத்த இடைவெளியில் திரும்பி வரவேண்டும். எங்கள் வரிசையில் அந்த வேலை ஒதிலியாவுடையது.

ஒதிலியாவும் நானும் எட்டு வருஷமாக ஒரே இசைத்தாள் தாங்கியைப் பார்த்து வாசித்தவர்கள். அவள் தனிக்கட்டை, நாக்கு நீளம். எனக்குக் கணவன் தோரு, ஆறு வயது மகள் இலிங்கா. அந்த மே மாதம் ஆஸ்திரியாவில் மூன்று ஊர்களில் கச்சேரி என்று அழைப்பு வந்தபோது, எங்களோடு கூடவே வரப்போகும் தோழர் முராரு எல்லோரையும் ஜோடி ஜோடியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வாத்தியப் பெட்டிகளுக்குப் பொறுப்பாளர் என்று அவருக்குப் பெயர். வயலினை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

“ஒருத்தி திரும்பி வரலேன்னா இன்னொருத்திதான் பதில் சொல்லணும்” என்றார். “புரிஞ்சுதா?”

புரியாமலா இருக்கும்? முந்தைய வருஷம் பஸூன் குழல் வாசித்த ஒருவன் இத்தாலியின் திரியெஸ்தேயில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனவன் போனவன்தான். அவனோடு ஜோடியாக இருந்த சந்து என்பவர் இப்போது சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்குகிறார். அவர் மனைவியைப் பள்ளிக்கூட வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்குத் தோருவின் முகமும் இலிங்காவின் முகமும் கண்முன் வந்தன. 

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் நான் கண்டதெல்லாம் நிஜம். ஒதிலியா கிளம்புமுன் தன் ஜெரேனியப் பூந்தொட்டிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மே மாதத்தில் பெட்டிக்குள் பனிக்காலப் பூட்ஸ் வைத்திருந்தாள். கேட்டால், குளிர் காலுக்கு ஆகாது என்று எதையோ உளறினாள். முதல் ஊரில் எனக்குத் தூக்கமில்லை. இரண்டாம் ஊரில் அவள் கழிவறைக்குப் போனால் நானும் போனேன். அவள் எந்தக் கதவைப் பார்க்கிறாள் என்று பார்த்து, அதற்கு முன்னால் நானே அந்தக் கதவைப் பார்த்து வைத்துக்கொண்டேன். கைப்பையைக் கீழே வைக்கவே இல்லை. அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாள், நான் திரும்பினால் தலையைக் குனிந்துகொள்வாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்தேன்.

மூன்றாவது ஊர் கிராட்ஸ். கடைசிக் கச்சேரி. விடிந்தால் பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும், ஆகவே ஓடுகிறவள் இன்றைக்குத்தான் ஓடவேண்டும். இடைவேளையில் ஒதிலியாவைப் பார்வையிலிருந்து தவறவிட்டேன். படி ஏறி, படி இறங்கி, சட்டை முதுகோடு ஒட்ட ஓடித் தேடினேன். மணியடித்தபோது அவள் எங்கிருந்தோ வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது.

சிம்பொனியின் இரண்டாம் பகுதி, மெதுவாகப் போகிற பகுதி. முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். எங்கள் முதல் வயலின்காரர் வால்சனின் மெல்லிய தந்தி அறுந்து தொங்கியது. உடனே வயலின்கள் நகர ஆரம்பித்தன. ஒதிலியாவின் வயலின் முன்னால் போயிற்று. வால்சனுடைய பழைய இத்தாலிய வயலின், அரசாங்கச் சொத்து, அவள் மடிக்கு வந்து சேர்ந்தது.

 நாங்கள் அத்தனை பேரும் நாற்காலிக்குக் கட்டுப்பட்டிருக்கும்போது ஒரே ஒருத்தி எழுந்து, தனியாக, பக்கக் கதவு வழியே போகலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதற்கப்பால் தெரு. இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவளுக்கு வாய்க்காது.

என் வயலினை அவள் மடியில் வைத்துவிட்டு அறுந்ததைப் பற்றினேன். “நான் போறேன்” என்று முணுமுணுத்தேன்.

அவள் விடவில்லை. “நீ போகக்கூடாது சபீனா. இது என் வேலை.”

இழுத்தேன். அவளும் இழுத்தாள். எட்டு வருஷத்தில் அவள் விரல்களில் அவ்வளவு பலத்தை நான் பார்த்ததில்லை. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்ததும் அவள் பிடி தளர்ந்தது. மடியிலிருந்த கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, குனிந்தபடி, பக்கக் கதவைத் திறந்து வெளியே போனேன். கதவு சாத்திக்கொண்டதும் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வாசலுக்குப் போகிற நடையில் ஒரு நாற்காலி போட்டு முராரு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க தோழர் சபீனா. உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். அதுவும் இந்த வயலினோட வருவீங்கன்னு எதிர்பார்க்கல.”

 தந்தி அறுந்துவிட்டது என்று காட்டினேன்.

“தந்தி மாத்த வேண்டியது உங்க பக்கத்து நாற்காலிதானே? எனக்கு வயலின் தெரியாது, வழக்கம் தெரியும்.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. இடைவேளையில் ஒதிலியா வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். நான் தூங்குவதில்லை. கதவுகளையே பார்க்கிறேன். கைப்பையைக் கீழே வைப்பதில்லை. அவளைத் தனியாக விடாமல் கூடவே சுற்றுகிறேன், அவள் யாரையும் எச்சரித்துவிடக்கூடாது என்பதற்காக. இன்றிரவு நான் ஓடிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறாள்.

அவளைக் காவல் காத்ததெல்லாம் என் மேலேயே குற்றமாகத் திரும்பி வந்து நின்றது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“பெட்டிகளை எல்லாம் பார்த்தாச்சு” என்றார் முராரு. “ஒதிலியாவோட பூட்ஸ் நிறைய காப்பித்தூள். ஊருக்குக் கடத்துறாங்க, பாவம், எனக்கும் ஒரு பொட்டலம் உண்டு. உங்க பெட்டியில ஒண்ணுமே இல்ல. திரும்பி வர்றவங்க பெட்டி அப்படியா இருக்கும்?”

காப்பித்தூள். காப்பி கிடைக்காத நம் ஊரில் அதைக் கடத்தாதவர் யார்? பயத்தில் அந்த எண்ணம் மட்டும் எனக்கு வரவில்லை. அங்கேயே ஜன்னல் விளிம்பில் வயலினைக் கிடத்தி, கைப்பையிலிருந்து புதுத் தந்தியை எடுத்துக் கோர்த்தேன். தந்தியை முறுக்கும் பிருடை கையில் வழுக்கியது. உள்ளே மெதுவான பகுதி முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். “அவங்க சொன்னதை நான் எழுதினா, உங்க வீட்டுக்காரர், குழந்தை, எல்லாருக்கும் சங்கடம். நீங்களும் அவங்களைப் பத்தி ஒண்ணு சொல்லுங்க. ரெண்டு பொம்பளைங்க சண்டைன்னு முடிச்சுடறேன். யாரைச் சந்திச்சாங்க, என்ன பேசினாங்க, எதுவானாலும் சரி.”

எவ்வளவு சுலபம். ஜெரேனியத் தொட்டிகளைச் சொன்னால் போதும். இலிங்காவை நினைத்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உடம்பு முழுக்க அடித்துக்கொண்டது. ஒதிலியா மேல் கோபமும் வந்தது, காறித் துப்பலாம்போல. ஆனால் அந்த மனுஷர் ஒரு கச்சேரியில் இரண்டு கோள்சொல்லிகளைச் சம்பாதித்துக்கொண்டு போவதை நினைத்தபோது அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

“அவ பக்கம் நல்லாத் திருப்புவா” என்றேன்.

“அப்புறம்?”

“அவ்வளவுதான் தெரியும்.”

 ஊரில் பேசிக்கொள்வோம் என்றார் முராரு. கையை நீட்டி என் கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, தாமே எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

இடைவெளியில் உள்ளே போனேன். வால்சனின் வயலின் முன்னால் போயிற்று, மற்றவை தத்தம் கைகளுக்குத் திரும்பின. ஒதிலியா என்னைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கன்னம் ஈரமாக இருந்தது.

“வந்துட்டியா?”

“எங்கடி போவேன்?”

“சபீனா, நான் அவர்கிட்ட…”

“தெரியும்.”

“பயமா இருந்துச்சு” என்றாள். “சந்து மூட்டை தூக்கறதையே நினைச்சுட்டு இருந்தேன்.”

“எனக்கும்தான்.”

அவளிடம் வேறென்ன சொல்வது? நாளைக்குப் பஸ் எல்லையைத் தாண்டும். அதற்கப்புறம் யார் வந்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், தோருவிடம் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களை நடத்தும் மேஸ்ட்ரோ கோலை உயர்த்தினார். மூன்றாம் பகுதி வேகமானது, யோசிக்க விடாதது. வாசித்தோம். பக்கத்தின் அடிக்கு வந்ததும் ஒதிலியா கையை நீட்டினாள். இரண்டு தாள்களை ஒன்றாகத் திருப்பிவிட்டாள். அவளுக்கு அது தெரியவில்லை, கண்ணில் நீர் நிறைந்திருந்தது. நான் வாசிப்பதை நிறுத்தி, வில்லின் நுனியால் ஒரு தாளைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன்.