முதுகில் தூங்குகிறவன்

குழந்தை அவளுடைய பின்னங்கழுத்து முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, பள்ளி வேன் ஓட்டுநர் புதுக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி கடைக்குள் வந்தார். மூக்கில் இருக்க வேண்டியது கையில் வந்தால் விஷயம் என்னவென்று கண் பரிசோதிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதத்தில் அப்படித் திரும்பி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

முதலில் வந்தவர் தையல்கார அம்மா. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றார். அடுத்து ஒரு கல்லூரிப் பெண், கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றாள். இரண்டு தடவையும், கண் பரிசோதித்தவளான அவள், லென்ஸ் வெட்டும் பட்டறை மேல் பழியைப் போட்டாள். பட்டறைக்காரர் ஃபோனில் எகிறினார். கடைக்கார அக்கா இருவருக்கும் புதிதாகச் செய்து கொடுத்துவிட்டு, அவளை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. அந்தப் பார்வைக்குத் திட்டே மேல்.

அக்கா எதைப் பார்த்தாள் என்று அவளுக்குத் தெரியும். முதுகில் கட்டியிருந்த மூட்டையைத்தான். "மூட்டை" என்பது பிள்ளைக்கு அவள் கணவன் வைத்த பெயர். குளிர்பதனக் கிடங்கில் நாளெல்லாம் மூட்டை தூக்குகிறவன், வீட்டுக்கு வந்தால் இன்னொன்று எனக் கொஞ்சிக் கொஞ்சி அதுவே நிலைத்துவிட்டது.

பிறந்த மாதத்திலிருந்தே பிள்ளையை நீளத் துணியால் உடம்போடு கட்டிக்கொண்டுதான் அவள் நடமாடினாள். கட்டியபடியே சமைத்தாள், துணி காயப்போட்டாள், பஸ் ஏறினாள். நெஞ்சில் அந்தச் சூடு வந்து அடங்கும்போது உலகத்தில் பாதி சத்தம் குறைந்துவிடும். வேலைக்குத் திரும்பியபோதும் முன்பக்கம் கட்டிக்கொண்டே வந்தாள். அவன் கைக்கு எட்டியது எல்லாம் வாய்க்குப் போக ஆரம்பித்து, ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் மூக்கிலிருந்த சோதனை ஃபிரேமையே பிடுங்கிய பிறகு, முதுகுக்கு மாற்றினாள். அவன் முகம் தெரியாமல் வேலை செய்வது அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரிப்புக்குக் காரணம் தெரியாமல் லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பாள்.

இதற்கு நடுவில் ஆளாளுக்கு யோசனை. இப்படிக் கட்டியே வைத்தால் கால் எப்படி வளரும் என்று பக்கத்து வீடு. கங்காருவே குட்டியை ஒரு நாள் இறக்கி விடுகிறதே என்று கணவன். பகலில் நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கென்ன பிள்ளை வளர்க்கத் தெரியாதா என்று நாத்தனார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எல்லோருக்கும் அவள் ஒரே பதிலை வைத்திருந்தாள்: அவன் என் மேல் இல்லாவிட்டால் தூங்க மாட்டான். அது உண்மைதான். பரிசோதனை அறையின் மங்கிய வெளிச்சத்தில், அவள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு ஆடியபடி, "இப்ப நல்லா இருக்கா, முன்னாடி நல்லா இருந்துச்சா" என்று மெல்லக் கேட்கக் கேட்க, ஐந்தே நிமிடத்தில் அவன் தலை தோளில் சாய்ந்துவிடும்.

"பவர் ஒத்து வரலையா?" என்று ஓட்டுநரிடம் கேட்டாள். "பட்டறையில கேக்கறேன்."

"பட்டறைய ஏம்மா இழுக்கற?" அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "கோவிச்சுக்காத. அன்னைக்கே எனக்கு அட்டையில கடைசி ரெண்டு வரி தெரியல."

"தெரியுதுன்னுதான சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்ல? புள்ள உன் தோள்ல வாயைப் பொளந்துக்கிட்டு தூங்கறான். நான் தெரியல தெரியலன்னா நீ மாத்தி மாத்திப் போடுவ. பெட்டியில அந்தக் கண்ணாடி எல்லாம் கிணுகிணுங்கும். முழிச்சிட்டான்னா? என் பொண்ணு அவ புள்ளையத் தூங்க வைக்கப் படற பாட்ட நான் பாக்கறேனே."

தையல்கார அம்மா அன்று கிசுகிசுவென்று பேசியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. கல்லூரிப் பெண் எல்லாக் கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டியது நினைவுக்கு வந்தது. அடப் பாவிகளா. இத்தனை பேர் சேர்ந்து அவள் பிள்ளையைத் தூங்க வைத்திருக்கிறார்கள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"நேத்து மழையில வேகத்தடை கண்ணுக்குத் தெரியல," என்றார் ஓட்டுநர், குரலைத் தாழ்த்தி. "வண்டியில இருந்த பசங்க அத்தன பேரும் சீட்ட விட்டு எகிறிட்டாங்க. அவங்களுக்கு அது ஒரே சிரிப்பு. நான் ஓரமா நிறுத்திட்டு, மழை விடற வரைக்கும் வண்டிய எடுக்கல."

ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "அப்ப பட்டறை மேல தப்பில்ல," என்றாள்.

அவளுக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. "நேரா சொல்லிடுங்கக்கா."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாம சொல்றீங்க."

"நீ சொல்ல வேண்டியத நான் எதுக்குடி சொல்லணும்?"

சண்டைக்கு வந்திருந்தால் அவளும் சண்டை போட்டிருப்பாள். சண்டையில் அவளுக்கு எப்போதும் நியாயம் கிடைத்துவிடும். இப்போது நியாயத்தை எங்கே தேடுவது? அவன் அவள் மேல் மட்டும்தான் தூங்குவான் என்பது உண்மை. ஆனால் வேறு எங்கேயும் தூங்க அவனை அவள் விட்டதே இல்லை என்பதும் உண்மை. சில நாட்களாகத் துணியைச் சுற்றும்போது அவன் முதுகை வில்லாக வளைத்துத் தரையைப் பார்த்துத் திமிறுகிறான். அப்போதெல்லாம் அவள் செய்தது முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கியதுதான். அந்த எடை இறங்கிவிட்டால் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை யாரிடம் சொல்வது? நாத்தனாரிடமா?

முன்னால் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். அக்கா பின்னால் வந்து குழந்தையை வாங்கி, கல்லாவுக்குப் பக்கத்தில் விரித்திருந்த பாயில் இறக்கினாள். அவன் அழப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ அம்மா என்று ஒருத்தி இருக்கிறாளா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காலிக் கண்ணாடிப் பெட்டிகள் குவிந்திருந்த மூலையைப் பார்த்து, வயிற்றால் நீந்திக்கொண்டு போனான்.

"வாங்க," என்றாள் ஓட்டுநரிடம், கொஞ்சம் கடுப்பாகவே. "இன்னைக்கு யாரும் தூங்கல. வாயைத் திறந்து உண்மையச் சொல்லுங்க."

அறைக் கதவைச் சாத்தினாள். விளக்கை மங்கலாக்கினாள். சோதனை ஃபிரேமை அவருக்கு மாட்டி, வலது கண்ணிலிருந்து தொடங்கினாள். ஓட்டுநர் இன்று தாராளமாக இருந்தார். தெரியல. தெரியலம்மா. இது எட்டா மூணா, சாமி சத்தியமா தெரியல. பெட்டியில் லென்ஸ்கள் கிணுகிணுத்தன. ஒவ்வொரு லென்ஸாக ஏற்ற ஏற்ற, கடைசி வரிக்கு முந்தைய வரியை அவர் தடுமாறாமல் படித்தார். இவ்வளவு வித்தியாசத்தில் ஒரு மனிதரைப் பிள்ளைகளோடு சாலைக்கு அனுப்பியிருக்கிறாள். முதுகு சில்லென்றிருந்தது. ஈரமாக ஒட்டியிருந்த ரவிக்கையில் காற்று பட்டதால் என்று முதலில் நினைத்தாள்.

வெளியே பெட்டிகள் சரியும் சத்தம். அக்கா ஏதோ அதட்டினாள். பிறகு சிரிப்பு, அவனுடையது. அது ஓய்ந்து, ஒன்றும் கேட்கவில்லை. அழுகை இல்லை. சிணுங்கல்கூட இல்லை. தூங்கிவிட்டானா? யார் மேல்? அவன் அழவில்லையே என்று ஒரு தாய்க்குக் கோபம் வருமா? வந்தது. காது கதவில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

"அம்மா," என்றார் ஓட்டுநர்.

"ம்?"

"கையில வச்சிருக்கற லென்ஸ மாட்டினீன்னா, நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லிடுவேன்."