எத்தாளையில் எழும்பினவர்கள்

கஞ்சா விற்பதைச் சட்டம் அனுமதித்த வருடம், எத்தாளையில் அதைப் புகைத்தவர்கள் நிலத்தைவிட்டு எழும்பினார்கள். முன்பும் எழும்பினவர்கள்தான். பொலிசுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு எழும்பியதால், ஓட்டில் தலை இடிக்கிற சத்தம் மட்டும் அயலுக்குக் கேட்டது. பூனை என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது எல்லாம் வெட்டவெளியில். சாதாரணச் சரக்கென்றால் வேலி உயரம். பக்கத்து ஊரான முந்தலில் ஜௌபர் முதலாளி திறந்த கடையில், மாம்பழ வாசத்தோடு மினுமினுப்பான பக்கற்றில் விற்றதென்றால் தென்னை உயரம். முதலாளி அந்த உயரத்தையே பலகையில் எழுதி விளம்பரம் செய்தார். காற்றோடு போய்விடாமல் இருக்க ஆட்கள் இடுப்பில் உப்பு மூட்டை கட்டினார்கள். உப்பளங்களில் வளர்ந்த புத்தளத்துக்காரருக்குப் பாரம் என்றால் முதலில் கைக்கு வருவது உப்புத்தானே. மழையில் உப்பு என்னவாகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஸாஜிதா அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அதுவரை கிணறுகளில் டெங்கு நுளம்புக் குடம்பி தேடித் திரிந்தவள். அவளுடைய தம்பி அஃப்ராஸ், தன் மீன்பிடிப் படகின் எஞ்சினைக் கடல் கொண்டுபோன பிறகு வீட்டில் முகம் கொடுத்துக் கதைக்காமல், தினமும் மாம்பழப் பக்கற்றோடு கடலை ஒட்டிய களப்புக் கரையில் கிடந்தான். மாரி மழை அங்கேதான் அவனைப் பிடித்தது. மூட்டை கரைந்து காலால் வழிய, அவன் தென்னைகளைத் தாண்டிக் களப்புக்கு மேலே போனான். "ராத்தா, எறங்க ஏலாம இரிக்கி!" என்று மேலிருந்து கத்தினான். ஸாஜிதா தோணியில் போய் வலைக் கயிற்றை எறிந்தாள். நுனி அவன் கையில் அகப்பட்டது. மஃரிப் தொழுகை நேரம் வரைக்கும் கை தோல் உரிய இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். போதை தெளிந்ததும் அவன் பொத்தென்று சேற்றில் விழுந்தான். கால் முறிந்தது, உயிர் தப்பியது. அந்தப் பயம் இன்னும் அவளுக்கு முழுதாகப் போகவில்லை.

மறுவாரம் பள்ளிவாசல் முற்றத்தில் ஊர் கூடியது. திரும்பவும் தடை செய்யச் சொல்ல வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னது ஸாஜிதாவின் உம்மா: "கடைய மூடச் சொல்லு மகள். இருக்கிறது ஒரு ஆம்புளப் புள்ள."

"மூடலாம் உம்மா," என்றாள் ஸாஜிதா. "மூடினா இவனுகள் திரும்ப ஊட்டுக்குள்ள போய்த்தான் எழும்புவானுகள். அப்ப கயித்த ஆரு புடிக்கிற?"

உம்மா மகளின் தோல் உரிந்த கையைப் பிடித்துப் பார்த்தா.

அவள் மேலிடத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய விதிகள் அடுத்த நோன்புக்குள் வந்தன. ஒரு முழத்துக்கு மேல் எழுப்புகிற சரக்கை விற்கக்கூடாது. வாசமும் மினுக்கமும் விளம்பரமும் கூடாது. பக்கற்றில் எழும்பும் உயரமும் எச்சரிக்கையும் மட்டும் இருக்க வேண்டும். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கும் கடலுக்குப் போகிற நாளில் மீனவருக்கும் கொடுக்கக்கூடாது. இடுப்பில் உப்பு கூடாது, வலைக்குக் கட்டும் ஈயம்தான். ஒவ்வொரு சரக்கையும் பழைய புகைகாரரான உசனார் காக்கா தென்னை மரத்தடியில் நின்று சோதித்தார். அரசாங்க வேலை கிடைக்கவில்லை என்று ஆயுள் முழுக்கப் புலம்பிய மனிதர், இப்போது சட்டை அயர்ன் பண்ணி வந்தார். "ஒரு முழம் எழும்புறத்துக்கு எவன் வரப்போறான்?" என்று ஜௌபர் முதலாளி சிரித்தார். வந்தார்கள். பொடியன்கள்தான் வரவில்லை, வெறும் மண்ணிறப் பக்கற்றைப் பார்த்து அவர்களுக்கு ஆசை வரவில்லை. எழும்பாமல் இருக்க விரும்புகிறவர்களுக்காக மருந்தகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஆலோசனை சொல்கிற மிஸ் ஒருத்தி உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்டாள். அஃப்ராஸ் ஊன்றுகோலோடு போய் முதல் மாதம் முழுக்கக் கால் வலியைப் பற்றி மட்டும் சொன்னான். பிறகு எஞ்சினைப் பற்றிச் சொன்னான். பிறகு அழுதான்.

அவன் அடியோடு விட்டுவிட்டான் என்று சொன்னால் பொய். இப்போது வேறொருவரின் படகில் தொழிலுக்குப் போகிறான், சிரிக்கிறான். தொழில் இல்லாத வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டும், வாசலில் ஒரு சாண் உயரத்தில் ஈயம் கட்டி நிற்பான். முன்பென்றால் அதைக் கண்டதும் உம்மா ஓவென்று அழுதிருப்பா. போன வெள்ளி அவ விளக்குமாறோடு வந்து, அவனை நகரச் சொல்லாமலே, காலுக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனா.