பக்கவாட்டுச் சுவிட்ச்

ஸெனாய்டாவுக்குப் பொய் சொல்ல வராது. சபைக்குப் போகிறவள் என்பதால் மட்டுமில்லை, சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் தினமும் சாயங்காலம், புருஷன் போனில் வீடியோ கால் போடுவதற்குச் சற்று முன்னால் பட்டறை மெஷினை நிறுத்துவாள். மோட்டாரை ஓட்டும் டிரைவின் விளக்கு அணையும்வரை பொறுத்து, சின்ன ஸ்குரூடிரைவரால் அதன் பக்கவாட்டிலிருக்கும் பொடிச் சுவிட்சை 5 வோல்ட்டிலிருந்து 24-க்குத் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டுவாள். அப்புறம், "இன்னும் பல்ஸைத் தவறவிடுதா?" என்று அவன் கேட்டால், "தவறவிடுது" என்று அவள் சொல்வது பொய்யாகாது.

புருஷன் எடில்பெர்தோ சிலி நாட்டில், அந்தோஃபகஸ்தா பக்கத்துச் சுரங்கமொன்றில் எலக்ட்ரீஷியன். பெருவில், லிமா ஓரத்து வீயா எல் சல்வதோரில் இருந்த பட்டறையை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனவன், முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூப்பிடுவான். எல்லாம் சரியா என்பான், சரி என்பாள், அத்தோடு முடிந்தது. பட்டறையில் அவளும், அலமாரிக் கதவு வெட்டும் அந்த மெஷினும்தான்.

பழைய மோட்டார்கள் மண்டையைப் போட்டபோது அவன் லிமாவில் கடையில் சொல்லி, சர்வோ மோட்டார்களும் அவற்றை ஓட்டும் டிரைவ்களும் அனுப்பிவைத்தான். ஸெனாய்டாவே வயர் இழுத்து மாட்டினாள். வெட்டிய முதல் கதவே கோணல். எவ்வளவு நகர வேண்டும் என்று கன்ட்ரோல் போர்டு டிரைவுக்கு அனுப்புவது ஐந்து வோல்ட் பல்ஸ். ஒரு டிரைவின் சுவிட்ச் மட்டும் பெட்டியிலேயே 24-இல் இருந்திருக்கிறது. அந்த மெல்லிய பல்ஸில் பாதி அதன் காதில் விழவே இல்லை, மோட்டார் பின்தங்கிக்கொண்டே போனது. இடம் பற்றாமல் அவள் அதைச் சுவரோடு ஒட்டி மாட்டியதில் சுவிட்ச் கண்ணில் படவில்லை. எடில்பெர்தோவுக்கும் அது தோன்றவில்லை. அவன் சுரங்கத்தில் கன்ட்ரோல் சிக்னல் எல்லாமே இருபத்துநாலு வோல்ட், வேறு சிக்னலை அவன் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

அன்றிலிருந்து தினமும் கூப்பிட ஆரம்பித்தான். எர்த்தைப் பார், கேபிளை மாற்று என்பான். அவள் மாற்றிக்கொண்டிருக்கும் இடைவெளியில் மற்ற பேச்சு வரும்: அறைத்தோழனின் குறட்டை, பாலைவனக் காற்று, அங்கே நல்ல எமோலியெந்தே கஷாயம் குடிக்கக் கிடைக்காத வயிற்றெரிச்சல். கல்யாணமான புதிதில் கூப்பிட்டது போல 'ஒல்லி' என்றான். அவள் ஒல்லியாக இருந்து எத்தனையோ காலமாயிற்று, ஆனாலும் அதைக் கேட்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் தூசி தட்ட டிரைவைக் கழற்றியபோதுதான் சுவிட்சைப் பார்த்தாள். 5-க்குத் தள்ளினாள். ஸ்குரூடிரைவர் நுழைய இடுக்கு விட்டு மாட்டி ஓட்டினாள்; கதவு நூல் பிடித்தாற்போல் வந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து அழுதாள். சொல்லிவிட்டால் மறுபடி ஞாயிற்றுக்கிழமைதான்.

ஆகவே பகலெல்லாம் ஐந்து, சாயங்காலம் இருபத்துநாலு.

அது எத்தனை நாள் ஓடும்? போன வாரம் அவன் அலுத்துப்போய், வேறு டிரைவ் வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். சுரங்கத்தில் நாயாய் உழைக்கிற காசை அப்படிப் பாழாக்க அவளுக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்றாள்.

"அப்ப அதைக் கழட்டி எல்லாப் பக்கமும் காட்டு, ஒல்லி. நாம பாக்காத பக்கம் ஏதோ இருக்கு."

கழற்றினாள். முன்பக்கம் காட்டினாள், மேல்பக்கம் காட்டினாள். கடைசியில் வேறு வழியில்லாமல் பக்கவாட்டையும் போன் முன்னால் பிடித்தாள்.

சுவிட்ச் 24-இல் இருந்தது. டிரைவ் முழுக்க மரத்தூள் படிந்திருக்க, சுவிட்சைச் சுற்றி மட்டும் துடைத்த மாதிரி சுத்தம். அங்கே பெயின்ட் இரண்டு பக்கமும் தேய்ந்து, ஸ்குரூடிரைவர் கீறல்கள் பளபளத்தன. ஒரு தடவை தள்ளிய சுவிட்ச் எப்படி இருக்கும், தினம் தள்ளிய சுவிட்ச் எப்படி இருக்கும் என்று எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவன் வெகுநேரம் பார்த்தான். அவன் பின்னால் காற்று இரைவது கேட்டது. திட்டுவான் என்று காத்திருந்தாள். சிரித்துவிடுவானோ என்றுதான் அதிகம் பயந்தாள்.

"மாட்டிடு," என்றான். "இன்னிக்கு எனக்கு ஒண்ணும் பிடிபடல. நாளைக்குப் பாக்கலாம்."

அவள் தலையை ஆட்டினாள்.

"பொடிச் சுவிட்ச் அது, ஒல்லி. மெதுவாத் தள்ளு."

போன் அணைந்ததும் பட்டறை மறுபடி வெறிச்சென்றாகிவிட்டது. மறுநாள் காலை வேலைக்காக ஸ்குரூடிரைவரை எடுத்து, உடைந்துவிடாமல், மெதுவாக அதை 5-க்குத் தள்ளினாள்.