வெளியே வந்து உட்கார்ந்த டாக்டரம்மா

தடுப்பூசிக் கிடங்கில் பெட்டி தூக்குவது என் வேலை. அன்று மாடியில் ஆலோசனைக் குழு கூடியிருந்தது. தட்டம்மை ஊசி கொஞ்சம்தான் மிச்சம்; அடுத்த சரக்கு எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. இருப்பதை நகரத்துக்குக் கொடுப்பதா, நோய் பரவிக்கொண்டிருக்கும், ஆற்றுக்கு அக்கரை ஊர்களுக்குக் கொடுப்பதா என்பதுதான் பேச்சு.

நகரத்தில் இருக்கும் என் பேத்திக்கு ஊசி போட வேண்டிய வயது. "அப்பா, அங்கதானே இருக்க, யார் காலையாவது பிடி" என்று மகள் காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். அந்த நப்பாசையில், யாரும் சொல்லாமலே ஐஸ் பெட்டிகளை நகரத்துக்குப் போகும் வண்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தேன்.

குழுவிலேயே அதிகம் பேசுகிற டாக்டரம்மா தனியாக இறங்கி வந்து அதில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"என்னம்மா, சண்டை போட்டீங்கன்னு அனுப்பிட்டாங்களா?"

"சண்டை போட்டா அனுப்ப மாட்டாங்க, டீ குடுப்பாங்க." சிரித்தார். "வீட்டுல அந்த ஊசிக்குக் காத்திருக்கிற குழந்தை இருந்தா, முடிவு எடுக்கும்போது உள்ள இருக்கக் கூடாது. எங்க குழு வழக்கம். எனக்குப் பேரன் இருக்கான்."

"எனக்குப் பேத்தி."

காலைப் பிடிக்கலாமென்றால், அந்தக் காலே வாசலுக்கு வெளியே கிடக்கிறது.

"உள்ள இருந்திருந்தா எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பீங்க?"

"தெரியலங்க. அதுக்குத்தான் அனுப்புறாங்க போல."

மாடிப்படியிலிருந்து எழுத்தர் எட்டிப் பார்த்தார். "அக்கரைக்கு. வண்டி உடனே கிளம்பணுமாம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் மறுபக்கம். அடுக்கியதையெல்லாம் அக்கரைக்குப் போகும் வண்டிக்கு மாற்றினோம். இடுப்பு விட்டுப்போனது.

ஊசிகளை எண்ணி வைக்கும்போது மகள் கூப்பிட்டாள். சொன்னேன்.

"உன்னை நம்பினது மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்கின கதைதான்."

"ஆமாம்மா. சரக்கு வர்ற வரைக்கும் பாப்பாவைக் கூட்டத்துக்குத் தூக்கிட்டுப் போகாத."

போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அங்க நிறையக் குழந்தைங்களுக்கு வந்திருக்காப்பா?"

"வந்திருக்கும்மா."

"சரி, ஐஸ் கொஞ்சம் கூடவே போட்டு வை. ரொம்ப தூரம் போகணும்ல."

இன்னும் ஒரு வாளி ஐஸ் கொண்டுவரப் போனேன்.