தையல் அறையில் ஸ்டீரியோ

தையல்காரியும் அவள் நாத்தனாரும் ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தைப்பவர்கள். வேலைக்கு நடுவே கேட்பதற்கென்று கைப்பேசியில் ஒரு தொடர்கதையைப் பிடித்திருந்தார்கள். ஆனால் இரண்டு மிஷினும் ஓடத் தொடங்கினால் கதை சொல்கிறவர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டதுபோல் இருக்கும். காதில் மாட்டிக்கொண்டு கேட்டாலோ, வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளர் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

அறை மூலையில் கணவனின் பழைய ஸ்டீரியோ கிடந்தது. அதன் கேசட் பகுதி செத்து வெகுகாலம். இடுப்பளவு ஸ்பீக்கர்கள் இரண்டும் வெட்டிய துணிகளைச் சுமந்துகொண்டு நின்றன. கைப்பேசியின் ஒலியைக் காற்றிலேயே வாங்கி இந்தப் பெட்டிக்குள் விட ஒரு புளூடூத் அடாப்டர் போதும் என்று கேள்விப்பட்ட தையல்காரி, கையோடு வாங்கி வந்துவிட்டாள்.

"அதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு. இரும்புக் கடையில போடாம இது என்ன கூத்து?" என்றான் கணவன். பேருந்து ஓட்டுபவன், அன்று அவனுக்கு விடுமுறை.

"கேசட்தானே செத்துச்சு? ஸ்பீக்கர் என்ன பாவம் பண்ணுச்சு?"

சிவப்பும் வெள்ளையுமான ஒயர்களைப் பெட்டியின் பின்னால் செருகினாள். கைப்பேசி 'இணைந்தது' என்றது. பெட்டியிடம் பேச்சு மூச்சில்லை. கணவன் சிரித்தான். நூல் நுழையவில்லை என்று ஊசியை வீசிவிடுகிற ரகமா அவள்? பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினாள். நாத்தனார் டார்ச் அடித்தாள்.

"அண்ணி, இங்க 'அவுட்'னு போட்டிருக்கு."

"அட! வெளிய வர்ற வாசல்ல போய் உள்ள தள்ளப் பார்த்திருக்கேன்."

ஒயர்களை, ஒலியை உள்ளே வாங்கும் 'ஆக்ஸ்' துளைகளுக்கு மாற்றி, முன்பக்கக் குமிழையும் அதற்கே திருப்பினாள். குரல் வந்தது. கூடவே ஙொய்யென்று ஓர் இரைச்சலும் வந்தது.

"கதைக்கு ஒரு வண்டு இலவசமா?" என்றான் கணவன்.

"வண்டைப் பிடிக்காம நான் எந்திரிக்கப் போறதில்லை."

மின்விசிறியை நிறுத்தினாள். இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினாள். இரண்டு மிஷினின் இணைப்பையும் கழற்றினாள். இரைச்சல் அசையவில்லை. மிச்சம் இருந்தது அடாப்டருக்கு மின்சாரம் கொடுத்த சார்ஜர்தான். இழுப்பறையில் கிடந்த ஏதோ ஒன்று அது. அதை உருவிவிட்டுத் தன் கைப்பேசியின் சார்ஜரை மாட்டினாள். கத்தரி வைத்ததுபோல் இரைச்சல் நின்றது.

"திருட்டுப் பயல் இவன்தான்!" என்று நாத்தனார் பழைய சார்ஜரைக் குப்பையில் போட்டாள்.

மற்றதையெல்லாம் மறுபடி இணைத்து, மிஷின் இரண்டையும் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். குரல் அவற்றுக்கு மேலே கணீரென்று நின்றது. தையல்காரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. கதையில், கப்பலில் காணாமல் போன சமையல்காரனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கேலி பேச வந்தவன் துணி மூட்டைமேல் உட்கார்ந்தே விட்டான்.

"யாரு அந்தச் சமையல்காரன்?"

"பாதியில வந்து கேட்டா எப்படிங்க? பேசாம கேளுங்க."

"சும்மா உட்காராத அண்ணா," என்றாள் தங்கை. "இந்தச் சட்டைக்கெல்லாம் பட்டன் தெச்சுக்கிட்டே கேளு."

அவன் மூக்குக் கண்ணாடியைத் தேடினான்.